அத்தானுக்கு ஒரு சவுண்டு கார்டு

அத்தானின் குரலைத் தெரியாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குறைவு. அத்தானைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வாடகைக் காரின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, கான்சாபுரம், இந்தப் பக்கம் தேவதானம் வரைக்கும் அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போவது அவர் தொழில். புதுப்படம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இலவச மருத்துவ முகாம், கட்சிக் கூட்டம் எல்லாம் உண்டு. எல்லாக் கட்சிக்கும் அவர்தான். குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடி வருகிறவர்களுக்கு, கன்னம் ஒட்டிப்போய் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் தெரிவார். இந்த ஆளா என்று முகம் தொங்கிப்போகும். என் அக்காவும் முதலில் குரலைக் கேட்டவள்தான். பெண் பார்க்க வந்த அன்று அவளும் ஏமாந்துபோனாள் என்று அவரைச் சீண்டுவேன். ஏமாந்தது உங்க அக்கா, மாட்டிக்கிட்டது நான் என்பார்.

மைக்கில் அவர் சொல்வதில் பாதி புளுகு. 'இன்றே கடைசி' என்று ஒரு வாரம் முழுக்கச் சொல்வார். வீட்டுப் படி ஏறிவிட்டால் அப்படி இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் கூடியது என்பார். ஆசையாக அக்கா எடுத்து வந்த சேலையை, இது உனக்கு நல்லா இல்லை, மாத்திட்டு வா என்று திருப்பி அனுப்புவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு மனிதன் பெண்டாட்டியிடம் இப்படியா முகத்தில் அடித்த மாதிரி பேசுவது என்று நினைப்பேன். அக்கா கோபித்துக்கொண்டே சேலையை மாற்றி வருவாள்.

அந்தப் பேச்சின் அருமை எனக்குத் தெரிந்தது அவள் கண் போனபோதுதான். சர்க்கரை நோய் கண்ணில் ஏறிவிட்டது. மதுரையில் காட்டினோம். டாக்டர் அத்தானை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனி பார்வை வராது, இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் அத்தான், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நேரே அக்காவிடம் போனார். பக்கத்தில் உட்கார்ந்து, பார்வை வராது, உள்ளதும் போயிரும், நான் இருக்கேன் என்று சொன்னார். அவ்வளவுதான். அக்கா அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு கண்ணுக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. பல மாதம் கழித்து என்னிடம் சொன்னாள்.

"வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் கெணத்துல விழுந்திருப்பேன்லே. அவிய சொன்னதால தாங்கிக்கிட்டேன்."

அதன்பிறகு அத்தானுக்கு வீட்டிலும் மைக் வேலைதான். பஸ்ஸில் போகும்போது எந்த வயலில் நெல், எந்தக் கண்மாயில் தண்ணீர், எதிர்சீட்டில் எப்படிப்பட்ட ஆள், அவன் சட்டைப் பித்தான் எது அறுந்திருக்கிறது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். எதிர்சீட்டுக்காரன் கூச்சத்தில் நெளிவான். அக்கா சிரிப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீடு முழுக்க அவர் பேச்சுத்தான் இருந்தது.

அந்தத் தொண்டைக்குத்தான் வந்தது. முதலில் குரல் கம்மியது. தொழில் அப்படி, பனங்கற்கண்டு போடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். நாங்கள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். 'அது' என்றுதான் சொல்வோம். அதுவாம், அதுவாத்தான் இருக்குமாம் என்று குசுகுசுப்போம். ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை போட்டு அனுப்பினார்கள். அதை முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொன்னோம். குரலும் கூடவே போய்விட்டது என்பதை மட்டும் யாரும் உடைத்துச் சொல்லவில்லை. புண் ஆறினால் சத்தம் வந்துவிடும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், எப்பம் திரும்பி வருமாம், ஏதும் சொன்னாங்களா என்று கேட்பாள். வந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போவார்கள்.

இதை யாராவது சினிமாவாக எடுத்திருந்தால் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன். அவளுக்குக் கண் இல்லை, அவருக்குக் குரல் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் என் சொந்த அக்கா வீட்டில் அது நடந்தது. அத்தான் என்னிடம் பேச சிலேட்டில் எழுதுவார். அக்காவுக்கு சிலேட்டால் என்ன பயன்? அவள் பள்ளிக்கூடம் போனவளும் இல்லை. கையில் எழுதிக் காட்டலாம் என்றால் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். சாப்பிட்டீங்களா, ஒரு தட்டு. வலிக்குதா, இரண்டு தட்டு. அவளுக்குக் கேட்கத் தெரிந்த விஷயத்துக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். கேட்கத் தோன்றாதது எதுவும் அவளிடம் போய்ச் சேராது.

மறு பரிசோதனைக்கு அத்தானை நான்தான் மதுரைக்குக் கூட்டிப் போனேன். திரும்ப வந்திருக்கிறது, நுரையீரலுக்கும் போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்து ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். அத்தான் பையிலிருந்து சிலேட்டை எடுத்து எழுதினார். 'அவகிட்ட நான்தான் சொல்லணும். நீ வாயைத் திறக்கக் கூடாது.' எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் சிலேட்டைத் துடைத்தார். எதுவும் எழுதாமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலைக்கு ஊரில் ஒரு மவுசு இருந்தது. மில்லுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததால் நான் வருஷக்கணக்காகச் சம்பளச் சீட்டு அடித்த பழைய கம்ப்யூட்டர் மூலைக்குப் போய், பிறகு என் வீட்டுக்கு வந்திருந்தது. அதற்குப் பேச வராது. தப்பாக ஏதாவது அடித்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவர் ஒரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே சவுண்டு கார்டு என்று ஓர் அட்டை செருகி, அதோடு வரும் புரோகிராமைப் போட்டால், நாம் அடிக்கிற ஆங்கில எழுத்தை அது வாய்விட்டு வாசிக்குமாம். அவரிடம் கெஞ்சி, யாரோ கழற்றிப் போட்ட ஒரு அட்டையை ஃபிளாப்பியோடு வரவழைத்தேன்.

மானிட்டரை மடியிலும் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போனேன். அத்தானிடம் விஷயத்தைச் சொன்னதும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஒருவன் வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று எழுதினார். அடிக்கப்போவது நீங்கள், சொல் உங்களுடையது, வாய் மட்டும்தான் அவனுடையது என்றேன். வெள்ளைக்காரனா என்று எழுதிக் கேட்டார். ஆமாம், உங்க ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கிடுங்க என்றேன். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு கழுத்து ஓட்டை வழியாகக் காற்றாக வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அக்காவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், வேலை செய்யாமல் போனால் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்தோம். அவளுக்கு அது ஏதோ கணக்குப் போடும் மெஷின்.

அட்டை பேசவில்லை.

லீவு கிடைத்த நாளெல்லாம் போய் அதன்முன் உட்கார்ந்தேன். கழற்றினேன், துடைத்தேன், பெட்டிக்குள் வேறு பள்ளத்தில் செருகினேன். புரோகிராம் எல்லாம் சரி என்றுதான் திரையில் சொல்லும். ஸ்பீக்கர் கம்மென்று கிடக்கும். சில நாள் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கித் திரை சுருங்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெட்டியை ஓங்கி அடித்திருக்கிறேன். சென்னைக்காரரைப் போனில் வைதிருக்கிறேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் கொஞ்சம் குறைந்திருந்தார். சட்டைக் கழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. இருமல் கூடியது. அக்கா அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, ஏன் இப்படி இருமுது, சளியா என்று ஒருநாள் கேட்டாள். ஒரு தட்டோ இரண்டு தட்டோ வரும் என்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அத்தான் தட்டவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நானே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இந்த வேகத்தில் போனால் அத்தான் சொல்வதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், அவளுக்குக் கடைசியில் பிணம்தான் சேதி சொல்லும் என்று பட்டது. ஆனால் அந்தச் சிலேட்டு கண்முன்னால் நின்றது.

கோளாறு பிடிபட்டது மில்லில், சம்பள நாளில். பிரிண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டு பிரிண்டர் மாட்டியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த இரண்டாவது பிரிண்டருக்காக உள்ளே ஒரு தனி அட்டை இன்னும் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் எண் உண்டு. வேலை வந்தால் அட்டை அந்த எண்ணில்தான் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். இரண்டு அட்டைக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் கூப்பிட்டது யார் என்று குழம்பி, புதிதாக வந்ததைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அத்தனை நாளும் என் கண்ணெதிரே இருந்த அட்டை. அடுத்த லீவில் போய் அதைப் பிடுங்கிப்போட்டேன். அப்போதும் சத்தம் இல்லை. தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் தடவினால், சவுண்டு கார்டின் விளிம்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் ஒன்று தட்டுப்பட்டது. அது முழுக்க இறங்கிக் கிடந்தது. திருப்பினேன்.

தும்மல் வந்தவன் பேசுவதுபோல ஒரு குரல், ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அக்கா அப்போது பக்கத்து வீட்டு அம்மாளோடு கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் அவர் சொல்ல வேண்டியதைப் பழகிப் பார்க்க உட்கார்ந்தோம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். வெள்ளைக்காரன் வாயில் அது தமிழாக வந்து விழ வேண்டும். முதலில் என்ன போடுவது என்று கேட்டேன். 'அது திரும்ப வந்திருச்சு' என்று சிலேட்டில் எழுதினார். நோயின் பேரையே போட்டுவிடலாமே, விளங்காமல் போய்விடப் போகிறது என்றேன். தலையை ஆட்டினார். 'அந்தப் பேரு வேண்டாம். அதுன்னாலே அவளுக்குத் தெரியும்.'

அடித்தோம். 'ஆடு திரும்ப வந்திருச்சு' என்றது மெஷின்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தானுக்கும். சாவுச் சேதியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆங்கில ஏ எழுத்தில் தொடங்கினால் ஆடு, யு எழுத்தில் தொடங்கினால் அது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தை மாற்றி மாற்றி, கேட்டால் தமிழ் என்று விளங்கும் அளவுக்குக் கொண்டு வந்தோம். சிரித்து ஓய்ந்தபிறகு அவர் அந்த வாக்கியத்தை மறுபடி மறுபடி பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்கா வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாளை வாசலோடு அனுப்பிவிட்டு, அவளைக் கூட்டி வந்து அத்தான் பக்கத்தில் உட்காரவைத்தேன். அத்தான் எழுத்தைத் தட்டுவார், மெஷின் அவருக்குப் பதிலாகப் பேசும், சொல்லுவது அத்தான்தான், குரல் மட்டும் வேறு என்று விளக்கினேன். அவள் கை விசைப்பலகையைத் தேடித் தடவியது. அவர் விரல்கள் அதன்மேல் இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நான் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றேன். அவள் விழுந்துவிட்டால் பிடிக்கவேண்டும் என்று தயாராக இருந்தேன்.

அத்தான் அடித்து முடித்தார். மெஷின் சொன்னது. அது திரும்ப வந்திருச்சு.

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"வந்திருச்சா," என்றாள். "எனக்குத் தெரியும். வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே. மெஷின்ல வந்தா என்ன, எதுல வந்தா என்ன."

எனக்கு விளங்கச் செத்த நேரம் ஆயிற்று. அத்தானுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கு அது என்றால் நோய். அவளுக்கு நோய் ஆபரேஷனோடு போய்விட்டது. முழுசாக எடுத்தாயிற்று என்று நாங்கள்தானே சொன்னோம். போனது, வர வேண்டியது என்று அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்களிடமெல்லாம் எப்பம் திரும்பி வரும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது அத்தானின் குரலை.

அவள் பேசிக்கொண்டே போனாள். ஆடிப்பூரத் தேருக்கு இந்த வருஷம் கட்டாயம் போகணும், முன்னைப்போல எல்லாத்தையும் சொல்லணும் என்றாள். பஸ்ஸில் மெஷினைத் தூக்கிக்கிட்டா போக முடியும் என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள். அழுகையும் இருந்தது. அவளுக்குக் கண் போன பிறகு அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அத்தான் விசைப்பலகைக்குத் திரும்பி ஏதோ அடிக்கத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். 'இல்லை' என்று தொடங்கியிருந்தார். அதற்குமேல் விரல் நகரவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். திரை காலியாக இருந்தது.

அக்கா அவர் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே போகாதுல்லா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசைப்பலகைக்குத் திரும்பி, ஒரே ஒரு சொல்லை அடித்தார். நாங்கள் பழகிப் பார்க்காத சொல். மெஷினுக்கு அது சரியாக வரவில்லை. மூக்கால் எதையோ முனகியது. அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஏலே, அவிய என்ன சொல்லுதாவ? எனக்கு விளங்கல."

திரையில் 'போகும்' என்று இருந்தது. அத்தான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"போகாதாம்க்கா," என்றேன்.

"அம்புட்டுப் போதும்," என்று சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட அவள் எழுந்து உள்ளே போனாள்.